சாராளிடம் யார் கேட்டார்?

மருத மரத்தின் வேர்கள் மண்ணுக்கு மேலே புடைத்துக் கிடந்தன. அவற்றின் மேல் பெண்கள் இருந்தார்கள். ஒருவர் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். இன்னொருவர் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். கதைத்தாலும் கதைக்காவிட்டாலும் எல்லாருடைய முகமும் ஒரே பக்கம் பார்த்தபடி இருந்தது.

அந்தப் பக்கம் முள்ளுக்கம்பி வேலி. மண்மூட்டை அடுக்கிய சென்றி என்கிற காவலரண். வழியை மறித்துக் குறுக்கே ஒரு தடி. தடிக்கு அப்பால் இயக்கத்தின் பயிற்சி முகாம். இந்தப் பெண்களின் பிள்ளைகள் அதற்குள் இருந்தார்கள்.

சிறுபோக வெட்டு முடிந்திருந்தது. வயல் வட்டைகளில் இருந்து காய்ந்த வைக்கோல் மணம் வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நான் என் வகுப்புத் தோழி சுகந்தியோடும் அவளுடைய அம்மா பாக்கியம் அக்காவோடும் அங்கே போயிருந்தேன். என் கையில் இருந்த வேதாகமத்தை முதலில் கண்டவர் பொன்னம்மா மாமி. பாக்கியம் அக்காவின் பக்கத்து வளவுக்காரர். அவருடைய மகள் கலாவும் உள்ளே இருந்தாள்.

"ஊழியக்காரப் புள்ளயா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

"சும்மாதானே இரிக்கம். ஏதும் நல்ல சொல் இரிந்தாச் சொல்லு புள்ள."

அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நெற்றியில் திருநீறு பூசியவர்கள். அந்த மரத்தடியில் அது ஒரு விஷயமாக இல்லை. யார் என்ன சொன்னாலும் கேட்கிற நிலையில்தான் எல்லாரும் இருந்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். ஊழியப் பயிற்சியில் இரண்டாம் வருடம். மனப்பாடமாக ஒரே ஒரு பிரசங்கம் என்னிடம் இருந்தது. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கூட்டிக்கொண்டு போன பகுதி அது.

பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு முன்னால் எனக்கு வாய்த்தது அந்தப் பகுதி. அங்கே நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன், அந்த மரத்தடிக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பாதை

வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். சென்ற கிழமை இந்தப் பத்தியில் "பாதைக்குக் காத்திருந்தோம்" என்று நான் எழுதியதை வாசித்த வெளியூர் அன்பர் ஒருவர், வீதியை யார் மூடி வைத்திருந்தார்கள் என்று கேட்டிருந்தார். வீதி இல்லை ஐயா. பலகை அடித்த மிதவை. ஆட்களும் சைக்கிள்களும் சில வேளை ஒரு மாடும் அதில் ஏறி அக்கரை போவார்கள். மாடு ஏறினால் மற்றவர்கள் ஓரமாக நிற்க வேண்டும்.

சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. விழும் பக்கம் படுவான்கரை. நான் படித்த பயிற்சிப் பள்ளி எழுவான்கரையில், தேற்றாத்தீவுக்குக் கிட்ட ஒரு தென்னந்தோட்டத்துக்குள் இருந்தது. கிழக்கே கடல் இரைந்துகொண்டிருக்கும். மேற்கே வாவி சத்தமில்லாமல் கிடக்கும். கிழமை நாட்களில் வகுப்பு. சனி, ஞாயிறுகளில் ஒவ்வொருவரையும் ஒவ்வோர் ஊருக்கு அனுப்புவார்கள். எனக்குக் கிடைத்தது படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கத்து ஒரு சின்ன ஜெபவீடு.

களிமண் சுவர், தென்னோலைக் கிடுகுக் கூரை. வருகிற குடும்பங்கள் கொஞ்சம். அவர்களில் முதல் ஆளாக வந்து பாய் விரிப்பவர் பாக்கியம் அக்கா. அவருடைய கணவர் வரமாட்டார். அவர் மண்டூர் முருகனைக் கும்பிடுகிறவர். ஆனால் ஜெபவீட்டுக் கூரைக்கு வருடா வருடம் கிடுகு கட்டிக் கொடுப்பவர் அவர்தான். அவர்கள் இருவரும் சாமி விஷயமாகச் சண்டை பிடித்து நான் கண்டதில்லை.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். பதினேழு வயதுச் சுகந்தி. அவளுக்குக் கீழே தவம்.

அது சண்டை நின்றிருந்த காலம். அரசாங்கமும் இயக்கமும் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார்கள். ஷெல் சத்தம் இல்லை. இரவில் நாய் குரைத்தால் அது நாய்தான். ஆனால் படுவான்கரை முழுக்க இயக்கத்தின் கையில் இருந்தது. பெரும்போக வெட்டு முடிந்ததும் அவர்கள் வீடு வீடாக வந்து, வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

கலியாணம் கட்டிய பிள்ளைகளைக் கேட்பதில்லை என்று ஒரு கதை பரவியிருந்தது. அதனால் பள்ளிச் சட்டையோடு இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவசரமாகத் தாலி ஏறியது. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு பாக்கியம் அக்கா என்னை மறித்தார்.

"இவளையும் கட்டிக் குடுக்கச் சொல்றாங்க. இந்த வயசில ஆருக்குக் குடுக்கிற? நீ படிக்கிற இடத்துக்குக் கூட்டிப் போ புள்ள."

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. சரி என்றேன். அடுத்த நாள் காலை சுகந்தி ஒரு துணிப் பையோடு என்னுடன் மண்டூர்த் துறைக்கு வந்தாள். துறையில் நின்ற இயக்கப் பொடியன் எங்கே போகிறாள் என்று கேட்டான். படிக்க என்றாள். என்ன படிக்க என்றான். வேதம் படிக்க என்றாள். அவன் என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தான். பிறகு கையை அசைத்துப் போகச் சொன்னான். அவனுக்கும் அவளுடைய வயதுதான் இருக்கும்.

அக்கரையில், குருமண்வெளியில், அரசாங்கத்து ஆமிக்காரர் அவளுடைய பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். அவளிடம் இரண்டு சட்டையும் ஒரு சீப்பும் இருந்தன.

அழைப்பு

ஊழியப் பயிற்சிக்கு வருகிற எவரும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கடவுள் உன்னை எப்படி அழைத்தார்? இந்தப் பதிலுக்கு எங்களிடையே சாட்சி என்று பெயர்.

என்னிடம் நல்ல சாட்சி ஒன்று இருந்தது. நான் வாழைச்சேனைக்காரி. அப்பா கடதாசி ஆலையில் வேலை செய்தவர். ஆலையில் வைக்கோலை அவித்துக் கூழாக்கும் மணம் எங்கள் வீட்டுத் தலையணையில்கூட இருக்கும். பத்து வயதில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. சண்டையால் வீதியில் வாகனம் ஓடவில்லை, வைத்தியசாலைக்குப் போக முடியவில்லை. அன்று அதிகாலை யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. எழும்பினேன். காய்ச்சல் விட்டிருந்தது. இதைத்தான் எல்லா இடத்திலும் சொல்வேன். சொல்லச் சொல்ல அது ஒழுங்காகிவிட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர்கள் கண் துடைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

சுகந்தியின் முறை வந்தது. பள்ளியின் அதிபர் அருள்நேசன் போதகர் மேசைக்குப் பின்னால் இருந்தார். மெலிந்த மனிதர். பேசுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கூட்டிவந்தவள் என்பதால் என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னார்கள். வருகிற வழியெல்லாம் நான் அவளுக்கு ஒன்றிரண்டு வசனம் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

போதகர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எனக்கு அழைப்பு ஒண்டும் இல்ல ஐயா" என்றாள் சுகந்தி. "ஞானஸ்நானமும் எடுக்கல்ல. அங்க இரிந்தா என்னைப் புடிச்சிட்டுப் போயிருவாங்க. அம்மா அனுப்பினவ."

எனக்கு முகம் சுட்டது. போதகர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டார்.

அவருக்கு இருந்த சிக்கல் இலேசானது அல்ல. பள்ளியில் இன்னும் பல பிள்ளைகள் இருந்தார்கள். இயக்கத்துக்குத் தப்பி வருகிறவர்களை இங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லாருக்கும் ஆபத்து. எழுவான்கரையிலும் அவர்களுடைய ஆட்கள் இருந்தார்கள். அதுபோக, அழைப்பு இல்லாதவளை ஊழியப் பயிற்சியில் சேர்த்ததற்கு மேலே பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

பழைய ஏற்பாட்டில் அடைக்கலப் பட்டணங்கள் என்று சில ஊர்கள் இருந்தன. துரத்தப்படுகிறவன் ஓடிவந்து அந்த ஊர் வாசலில் நின்று தன் கதையைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கேட்டுவிட்டு உள்ளே எடுத்து, இருக்க இடம் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதியைத்தான் போதகர் அன்று மாலை ஜெபத்தில் வாசித்தார். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. வாசித்து முடித்ததும், சுகந்திக்கு என் அறையில் பாய் போடச் சொன்னார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

தென்னைகளுக்குப் பிரசங்கம்

பிரசங்கப் பயிற்சி என்றால் இப்போது என்னென்னவோ கருவிகள் வந்துவிட்டன. எங்களுக்குத் தென்னை மரங்கள்தான் சபை. ஆளுக்கு ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு நின்று கத்துவோம். கடற்காற்றை மீறிக் குரல் போக வேண்டும் என்பது விதி. தேங்காய் பறிக்க வருகிறவர் ஒரு தடவை என் முழுப் பிரசங்கத்தையும் மரத்தின் மேலே இருந்து கேட்டுவிட்டு, இறங்கி வந்து, கொஞ்சம் நீளம் என்றார்.

பிரசங்கத்துக்கு மூன்று தலைப்பு இருக்க வேண்டும் என்று படித்தோம். ஆபிரகாமுக்கு நான் பிடித்த மூன்று: கேட்டான், எழுந்தான், கொடுத்தான். கடவுள் சொன்னதைக் கேட்டான். விடியற்காலையில் எழுந்தான். மகனையே கொடுத்தான். கடைசியில் வானத்தில் இருந்து குரல் வந்து அவன் கையைத் தடுத்ததையும், புதரில் ஆட்டுக்கடா சிக்கியிருந்ததையும் முடிவுரையில் சேர்த்திருந்தேன்.

வகுப்பில் இதைச் சொல்லிக் காட்டிய நாளில், சுகந்தி சன்னலோரமாக இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள். சமையலுக்கு உதவி, மிச்ச நேரத்தில் வகுப்பு. போதகர் அவளுக்கு அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தார். வேதத்தை அவள் வாழ்க்கையில் முதன்முதலாக வாசித்தது எங்களோடுதான். எங்களுக்குச் சின்ன வயதில் இருந்து பழகிப்போன கதைகள் அவளுக்குப் புதிதாக நடக்கிற செய்திகள். யோனா ஓடிப்போய்க் கப்பலில் ஏறியபோது அவள் வேலையை விட்டுவிட்டு, பிறகு என்ன, பிடித்துவிட்டார்களா என்று கேட்டவள்.

நான் முடித்தேன். குரல், நிற்கும் விதம், நேரம் எல்லாவற்றுக்கும் வகுப்பு நல்லபடி சொன்னது. பிறகு கேள்வி கேட்கலாம் என்றார் போதகர்.

"அந்தத் தகப்பன் வெளிக்கிடக்குள்ள தாயிட்டச் சொன்னவரா?" என்று சுகந்தி கேட்டாள்.

நான் போதகரைப் பார்த்தேன்.

"சாராளிட்ட ஆரு கேட்ட?" என்று ஈசாக்கின் தாயின் பெயரைச் சொல்லித் திரும்பவும் கேட்டாள். அவள் தர்க்கம் பண்ணவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

போதகர் அப்படி ஒன்றும் எழுதப்படவில்லை என்றார். பிறகு அடுத்த அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். அடுத்த அதிகாரம் சாராளின் மரணத்தோடு தொடங்குகிறது. எத்தனையோ தடவை வாசித்த பக்கம். இரண்டு அதிகாரத்துக்கும் இடையில் இருக்கிற அந்த வெள்ளை இடத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இதை நானும் யோசிச்சிருக்கன்" என்றார் போதகர். "விடை கிடைக்கல்ல. கேள்வி இரிக்கட்டும்."

எனக்கு அவள் மேல் கொஞ்சம் கோபம் வந்தது. மூன்று தலைப்புக்கு மேல் நாலாவதாக ஒன்றை எங்கே வைப்பது?

அப்பா வந்த நாள்

ஆவணி மாதம் என்று நினைக்கிறேன். சுகந்தியின் அப்பா பாதையேறி எங்கள் பள்ளிக்கு வந்தார். அவர் எங்கள் படலைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தென்னையடியில் நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

தவத்தைக் கொண்டுபோய்விட்டார்கள்.

வயலில், வாடி என்கிற காவல் குடிசையில், அப்பாவோடு இருந்தவனை வந்து எழுப்பிக் கூட்டிப் போயிருக்கிறார்கள். மகளை எங்கே ஒளித்தாய் என்று கேட்டார்களாம். படிக்கப் போய்விட்டாள் என்று இவர் சொல்ல, அப்படியானால் இவன் வரட்டும் என்றார்களாம். அவனுக்குப் பதினைந்து வயது.

சுகந்தி அழவில்லை. அறைக்குப் போய்ப் பையைக் கட்டினாள். நான் போனால் அவனை விடுவார்கள் என்றாள். விடமாட்டார்கள், இரண்டு பேரையும் வைத்துக்கொள்வார்கள் என்று அவளுடைய அப்பாவே சொன்னார். அவள் கேட்கவில்லை. அவளைக் கூட்டிவந்தவள் நான். அக்கரையில் அவளுக்குப் பதிலாகத் தவம் போயிருந்தான். எனக்கு அதற்கு மேல் அறைக்குள் நிற்க முடியவில்லை. நானும் வருகிறேன் என்றேன்.

போதகரிடம் அனுமதி கேட்டேன். என்ன பேச வேண்டும், எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"போய் அவங்களோட இரி" என்றார். "கதைக்கத் தோணாட்டிப் பரவாயில்ல."

மரத்தடியில்

முகாமுக்கு வந்ததும் சுகந்தி நேரே சென்றிக்குப் போனாள். தன் பெயரைச் சொல்லி, நான் வந்திருக்கிறேன், தம்பியை விடுங்கள் என்றாள். காவலுக்கு நின்ற பெண்பிள்ளை, பொறுப்பாளர் இல்லை, மறுகா வாங்க என்று திருப்பிவிட்டாள். அவளைப் பிடித்து உள்ளே இழுத்துவிடாமல் திருப்பிவிட்டதே அந்தப் பிள்ளை செய்த நன்மை என்று பிறகு நினைத்துக்கொண்டேன். பாக்கியம் அக்கா மகளின் கையைப் பிடித்தவர் அன்று முழுக்க விடவில்லை.

அப்படித்தான் நாங்கள் மருத மரத்தடியில் வந்து இருந்தோம். அப்போதுதான் பொன்னம்மா மாமி என்னிடம் நல்ல சொல் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். கேட்டான், எழுந்தான் வரைக்கும் வாய் தன் பாட்டில் போனது. கொடுத்தான் என்ற சொல் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் ஒன்றையும் கொடுத்தவர்கள் இல்லை. அவர்களிடம் இருந்து எடுத்திருந்தார்கள்.

திரும்பக் கீழே அமர்ந்தேன். ஒரு தகப்பன், ஒரு மகன், ஒரு மலை என்று சாதாரணமாகக் கதை போலச் சொன்னேன். விறகை மகன் சுமந்தான், கத்தியைத் தகப்பன் கொண்டு போனான் என்றேன். தாய்க்குச் சொன்னார்களா என்று ஒருவருக்கும் தெரியாது என்றும் சொன்னேன். சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கத்தியை ஓங்கியபோது, பிள்ளையின் மேல் கை போடாதே என்று கடவுள் தடுத்தார், அவருக்குப் பிள்ளை வேண்டியிருக்கவில்லை என்று முடித்தேன்.

பொன்னம்மா மாமி வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார்.

"நல்ல கதைதான் புள்ள" என்றார். "எங்களுக்கு என்னத்துக்குச் சொல்றா? கத்தி எங்கட கையிலயா இரிக்கு? உள்ளுக்குப் போய்ச் சொல்லு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகிற பிள்ளையிடம் சாமான் சொல்வது போலச் சொன்னார். மற்றப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

வேதாகமப் படிப்பில் எத்தனையோ தீர்க்கதரிசிகளைப் படித்திருந்தேன். அரசனின் வாசலுக்குப் போகிறவர்கள். எனக்கு அவர்களிடம் பிடித்தது துணிச்சல். அந்த வாசலுக்கு நடக்கிறபோது அவர்களுக்குக் கால் எப்படி இருந்திருக்கும் என்பதை ஒரு நாளும் யோசிக்கவில்லை. எனக்குச் செருப்புக்குள் கால் வழுக்கியது.

பொறுப்பாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். வெகு நேரம் காக்க வைத்தார்கள். பிறகு ஒருவர் வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். மரியாதையாகத்தான் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். என்ன விஷயம் என்றார்.

அந்தக் கதையையே சொன்னேன். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெளியே சொன்னதை விடச் சுருக்கமாகச் சொன்னேன். முடிவில் தவம் என்கிற பிள்ளையையும் கலா என்கிற பிள்ளையையும் விடுங்கள், மற்றப் பிள்ளைகளையும் விடுங்கள் என்றேன்.

அவர் முழுக்கக் கேட்டார். அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

"கையை நிப்பாட்டச் சொன்னது மேல இருந்துதானே" என்றார். "எங்களுக்கும் மேலிடம் இரிக்கு. அங்க இருந்து ஒண்டும் சொல்லல்ல."

"சொன்னாத்தான் நிப்பாட்டுவீங்களா?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். தடியைத் தூக்கி என்னை வெளியே விட்டார்கள். சென்றியில் நின்ற பெண்பிள்ளை நான் கடக்கிறபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "தவத்துக்குக் காய்ச்சல் மாறிட்டு. இப்ப சாப்பிடுறான். தாயிட்டச் சொல்லுங்க."

அவனுக்குக் காய்ச்சல் வந்ததே தாய்க்குத் தெரியாது. நான் வந்து சொன்னபோது பாக்கியம் அக்கா முதலில் காய்ச்சலுக்கு அழுதார். பிறகு மாறியதற்கு அழுதார். பொன்னம்மா மாமி, கலாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். இல்லை மாமி என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

இதுதான் என் முதல் பிரசங்கம். ஒரு பிள்ளையும் வெளியே வரவில்லை. அடுத்த கிழமை பள்ளிக்குத் திரும்பி, பிரசங்கத்துக்கு நான் வாங்கிய பரீட்சைப் புள்ளியைப் பலகையில் பார்த்தேன். நல்ல புள்ளி. வகுப்பில் சொன்னதற்குக் கொடுத்தது.

சுகந்தி பள்ளிக்குத் திரும்பவில்லை. பெரியம்மா ஒருவர் வீட்டில் மறைவாக இருந்து, அம்மாவுக்குத் துணையாக முகாம் வாசலுக்கு வந்து போனாள். அவளுக்கு அழைப்பு வந்ததா என்று பிற்காலத்தில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவள் பாலர் பாடசாலை ஆசிரியை ஆனாள். பல வருடம் கழித்து ஞானஸ்நானமும் எடுத்தாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, இப்போது எடுக்கலாம் போல இருந்தது என்றாள். அதற்கு மேல் அவள் சாட்சி சொன்னது கிடையாது.

வந்தவனும் வராதவளும்

அடுத்த வருடம் இயக்கம் இரண்டாகப் பிரிந்தது. அதன் அரசியலை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது, சித்திரை வெயிலில் ஒரு நாள் முகாம்களைத் திறந்துவிட்டார்கள் என்பதுதான். பிள்ளைகள் வீதியெல்லாம் நடந்து வந்தார்கள். சீருடையைக் கழற்றிவிட்டு, வழியில் கண்ட வீடுகளில் சட்டை கேட்டு வாங்கி உடுத்தி வந்தார்கள். தவம் யாரோ ஒருவருடைய பெரிய சட்டையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

நான் சனிக்கிழமை போனபோது அவன் வந்து சில நாள் ஆகியிருந்தது. உயரமாகியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் நன்றி ஆராதனை வைப்போம் என்று சபையில் சொன்னார்கள். பாக்கியம் அக்கா வேண்டாம் என்றார். கலா வரவில்லை. மற்றப் பிள்ளைகள் வந்த நாளில் இருந்து பொன்னம்மா மாமி வீதியில் நின்று ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகுதான் வீட்டுக்குள் போகிறார். பக்கத்து வளவில் அப்படி ஒருவர் இருக்க, நாங்கள் கை தட்டிப் பாட முடியாது என்றார்.

அவர் சோறு சமைத்தார். யப்பான் என்கிற குளத்து மீனைப் பொரித்து, கீரை சுண்டி, சட்டிகளைத் தூக்கிக்கொண்டு பொன்னம்மா மாமியின் வீட்டுக்கே போனோம். அக்காவும் கணவரும், சுகந்தி, தவம், நான். மாமி வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்து விரித்தார்.

தவத்துக்கு அவரே சோறு போட்டார். அவன் இரண்டு பிடி சாப்பிடும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அங்கே கலாவைக் கண்டாயா என்று கேட்டார்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"ஒருக்காக் கண்டன் மாமி. பங்கர் வெட்ட எங்களைக் கொண்டு போன நேரம். தண்ணி கொண்டு வந்தவ. முடி கட்டையா வெட்டியிரிந்த. என்னைக் கண்டு சிரிச்சவ. ஒண்டும் கதைக்கல்ல."

மாமி கேட்டுக்கொண்டிருந்தார். கலாவுக்கு இடுப்பு வரைக்கும் முடி இருந்தது. அதை வெட்டியதை அவன் மறைத்திருக்கலாம். அம்மாவைக் கேட்டாள் என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கலாம். நானாக இருந்தால் சேர்த்திருப்பேன். எந்த இடத்தில் சேர்ப்பது என்றுகூட எனக்குத் தெரியும்.

"இன்னொருக்காச் சொல்லு மனே" என்றார் மாமி.

அவன் சொன்னான். பங்கர், தண்ணீர், வெட்டிய முடி, சிரிப்பு. ஒரு சொல் கூடவும் இல்லை, ஒரு சொல் குறையவும் இல்லை.

என் வேதாகமம் மடியில் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை, ஒருவரும் திறக்கச் சொல்லவும் இல்லை. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாமி அவனுடைய சோற்றுக் கோப்பையில் ஒரு துண்டு மீன் வைத்துவிட்டுத் திரும்பவும் கேட்டார். அவன் திரும்பவும் சொன்னான்.